டாலர் ஏறினால் பட்டுப்புடவை விலை ஏறுமா? காஞ்சிபுரம் ஜரிகை சொல்லும் கணக்கு!

கல்யாணம் நிச்சயமானதும் முகூர்த்தப் புடவை எடுக்க காஞ்சிபுரம் காந்தி ரோடுக்குக் குடும்பமாகக் கிளம்பிப் போவது நம் ஊரில் பல வீடுகளின் வழக்கம். பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி என்று பத்துப் பேர் உட்கார்ந்து புடவையைப் பிரித்துப் பார்ப்பார்கள். நிறம் பிடித்துவிடும், பார்டரும் பிடித்துவிடும். விலையைக் கேட்டதும்தான் சிக்கல். 'போன வருஷம் எங்க அக்கா பொண்ணுக்கு எடுத்தப்போ இவ்வளவு இல்லையே?' என்று யாராவது கேட்பார்கள். 'டாலர் ஏறிடுச்சும்மா, வெள்ளி ஏறிடுச்சு' என்பது கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில்.

நெய்வது பிள்ளையார்பாளையத்தில், விற்பது காந்தி ரோட்டில், வாங்குவது நாம். இதில் அமெரிக்க டாலர் எங்கிருந்து வந்தது? கடைக்காரர் சொல்வது உண்மையா, சாக்கா? புடவையைப் பிரித்துப் பார்ப்பதுபோல விலையையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

புடவைக்குள் டாலர் எங்கே இருக்கிறது?

காஞ்சிப் பட்டின் அடக்க விலையில் முக்கியமானவை மூன்று: பட்டு நூல், ஜரிகை, நெசவுக் கூலி.

பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே ராமநகரத்திலும், நம் தர்மபுரியிலும் பட்டுக்கூடு ஏலச் சந்தைகள் இருக்கின்றன. உலகில் சீனாவுக்கு அடுத்து அதிகமாகப் பட்டு உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. ஆனால், நம் தேவை உற்பத்தியைவிட அதிகம் என்பதால் சீனப் பட்டும் இறக்குமதியாகிறது. டாலர் விலை ஏறினால் சீனப் பட்டு இங்கே வந்து சேரும் விலையும் ஏறும். உள்ளூர்ப் பட்டுக்குப் போட்டி குறைவதால் அதன் விலையும் ஏற இடம் கிடைக்கும். மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு இது நல்ல செய்தி; நூல் வாங்குபவருக்கு அல்ல.

டாலர் நேரடியாக நுழையும் இடம் ஜரிகை. வெள்ளியும் செம்பும் சேர்ந்த மெல்லிய கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. சூரத்திலிருந்து வருவது ஒரு பங்கு. காஞ்சிபுரத்திலேயே அரசு நிறுவனமான தமிழ்நாடு சரிகை ஆலையும் தயாரிக்கிறது. தரமான அசல் ஜரிகையில் வெள்ளி சுமார் 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம். மீதி செம்பும் பட்டும்.

தங்கம் கிட்டத்தட்ட முழுவதும், வெள்ளி பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் நமக்கு வருகிறது. இரண்டுக்கும் உலகச் சந்தையில் டாலரில்தான் விலை. ஆகவே மணப்பெண்ணின் முந்தானையில் மின்னும் ஒவ்வொரு இழையிலும் கொஞ்சம் டாலர் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உலகச் சந்தையில் தங்கம், வெள்ளிக்கு அளவு அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 31.1 கிராம். அவுன்ஸ் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி 31.1-ஆல் வகுத்தால் ஒரு கிராமின் ரூபாய் விலை கிடைத்துவிடும். இறக்குமதி வரி, ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல்.

2025-ன் தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் வெள்ளி சுமார் 30 டாலர். அப்போது ஒரு டாலர் சுமார் 85.60 ரூபாய். கணக்குப்படி ஒரு கிராம் ஏறக்குறைய 83 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் வெள்ளி 50 டாலரைத் தாண்டியது. டாலர் சுமார் 88 ரூபாயில் இருந்தது. அப்போது ஒரு கிராம் ஏறக்குறைய 141 ரூபாய்.

காஞ்சிபுரத்தில் ஜரிகையை 'மார்க்' கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் சுமார் 240 கிராம். அதில் 40 சதவீதம் என்றால் வெள்ளி மட்டும் 96 கிராம். கிராமுக்கு 59 ரூபாய் ஏறினால், ஒரு மார்க்கில் இருக்கும் வெள்ளிக்கே சுமார் 5,650 ரூபாய் கூடிவிடுகிறது. பார்டரும் முந்தானையும் அகலமாக உள்ள புடவைக்கு ஜரிகை அதிகம் பிடிக்கும் என்பதால் அதன் விலைதான் முதலில் எகிறுகிறது.

இந்த 5,650 ரூபாயில் ரூபாய் மதிப்பு சரிந்ததால் வந்தது எவ்வளவு? டாலர் 85.60-லேயே நின்றிருந்தால் வெள்ளி கிராமுக்கு சுமார் 137.60 ரூபாயாக இருந்திருக்கும். அதாவது ரூபாய் சரிவின் பங்கு கிராமுக்கு நான்கு ரூபாய்க்கும் குறைவு. மார்க்குக்கு சுமார் 370 ரூபாய். மீதி எல்லாம் உலகச் சந்தையில் வெள்ளியே விலை ஏறியதால் வந்தது.

ஆகவே 'டாலர் ஏறிடுச்சு' என்ற பதில் பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. 'வெள்ளி ஏறிடுச்சு' என்பதுதான் அதில் கனமான பாதி.

வரியும் சேர்ந்தால்?

மாற்று விகிதம் தனியாக வருவதில்லை, பல சமயம் வரியையும் கூட அழைத்து வரும். 2013 ஆகஸ்ட்டில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. வெளியே போகும் டாலரைக் கட்டுப்படுத்த மத்திய அரசு அதே மாதம் தங்கம், வெள்ளி இரண்டுக்கும் இறக்குமதி வரியை 10 சதவீதமாக உயர்த்தியது. வாங்குபவருக்கு இரட்டை அடி.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. சென்னையில் அன்றே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் விலை இறங்கியது. பட்டு நூலுக்கோ 2021 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 10-லிருந்து 15 சதவீதமாக ஏறியது.

பட்டுப்புடவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அது மொத்த விலை மீது வருவதால், அடக்க விலை ஆயிரம் ரூபாய் ஏறினால் வரியில் இன்னும் 50 ரூபாய் சேரும்.

ஏறிய விலை ஏன் சட்டென்று இறங்குவதில்லை?

நகைக்கடையில் அன்றைய விலைதான். காலையில் போர்டில் எழுதியது மாலையில் மாறும். புடவைக் கடையில் அப்படி இல்லை. இன்று நீங்கள் பார்க்கும் புடவையின் ஜரிகை சில மாதங்களுக்கு முன்பு வாங்கியதாக இருக்கும். பாவு போட்டு, தறியில் ஏற்றி, நெய்து முடித்து, கடைக்கு வந்து அடுக்கில் உட்காரும் வரை நாள் ஓடிவிடும்.

வெள்ளி ஏறும்போது, அடுத்த சரக்கை ஏறிய விலையில்தான் வாங்க வேண்டும் என்று பழைய சரக்கின் விலையையும் கடை ஏற்றலாம். வெள்ளி இறங்கும்போது, 'இது அதிக விலையில் வாங்கிய ஜரிகை' என்று காத்திருக்கலாம். வியாபாரிக்கு இரண்டுமே நியாயமான கணக்கு. நமக்குத்தான் ஏற்றம் சீக்கிரமும் இறக்கம் தாமதமுமாகத் தெரிகிறது.

ஒரே புடவை, மூன்று விலை

மாற்று விகிதம் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. அமெரிக்காவிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு வருபவர் 500 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாயாக இருந்தபோது அது 42,500 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் அதே 500 டாலர் 45,000 ரூபாய். உள்ளூரில் சம்பளம் வாங்கும் அண்ணனுக்கு எட்டாத புடவை, தம்பியின் டாலருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இலங்கைத் தமிழர்களுக்கு 2022-ல் நேர்மாறாக நடந்தது. அங்கே கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்கத் தமிழ்நாட்டுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். பொருளாதார நெருக்கடியில் அது மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. நம் ஊரில் 20,000 ரூபாய் விலையுள்ள புடவைக்கு மார்ச்சில் அவர்கள் பணத்தில் சுமார் 53,000 ரூபாய். மே மாதத்தில் சுமார் 93,000 ரூபாய். காஞ்சிபுரத்தில் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அவர்கள் கையிலிருந்த பணம்தான் சுருங்கிப்போனது.

மளிகைக் கடையிலும் இதே கதை

பட்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு. தினமும் வாங்கும் பொருட்களில்தான் டாலர் சத்தமில்லாமல் புகுந்திருக்கிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி: பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது, சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து. இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் ஒரு பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தின் மூலப்பொருள் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்தைச் சேர்ந்தது. கச்சா எண்ணெயிலும் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்குதான். லாரி வாடகை வழியாக அது காய்கறி விலையிலும் எட்டிப்பார்க்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் செல்போன் தயாராகிறது. ஆனால், அதற்குள் இருக்கும் பல பாகங்களுக்கு டாலரில்தான் பணம் கட்ட வேண்டும். 'இங்கேயே தயாராகிறதே, விலை ஏன் ஏறுகிறது?' என்ற கேள்விக்குப் புடவையும் போனும் ஒரே பதிலைத்தான் தருகின்றன.

ஏறாத ஒன்று

புடவையின் விலையைப் பிரித்தால் டாலர் படாத பாகம் ஒன்றுதான்: நெசவுக் கூலி. கோர்வை போட்டு, உடலையும் பார்டரையும் தனித்தனி நாடாவில் இணைத்து நெய்யும் அந்த வேலை முழுக்க முழுக்க காஞ்சிபுரத்துச் சொத்து. 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தக் கைவேலைக்குத்தான்.

ஆனால், கூலி வெள்ளி விலைபோலத் தினமும் மாறுவதில்லை. கூட்டுறவு சங்கமாக இருந்தாலும், தனியார் முதலாளியாக இருந்தாலும் ஒரு புடவைக்கு இவ்வளவு என்று பேசியதுதான். புடவை விலை 5,000 ரூபாய் ஏறினால் அந்த 5,000 வெள்ளிக்குப் போகிறது. தறியில் உட்கார்ந்தவர் கைக்கு வருவதில்லை. விற்பனை மந்தமானால் அடுத்த பாவு தாமதமாகும். பாவு இல்லாத நாட்களில் கூலியும் இல்லை. அந்த வீட்டிலும் சமையல் எண்ணெய், உளுந்து, பெட்ரோல் எல்லாம் ஏறிய விலையில்தான் வாங்க வேண்டும்.

ஜரிகை விலை தாங்காமல் வாங்குபவர் மலிவானதைத் தேடும்போது இன்னொரு ஆபத்து வருகிறது. போலி ஜரிகையில் விசைத்தறியில் ஓட்டிய புடவைகள் 'காஞ்சிபுரம்' என்ற பெயரோடு அடுக்கில் ஏறிவிடுகின்றன. அங்கே ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல, நெசவாளரும்தான்.

புடவை எடுக்கப் போகும் முன்...

* ஜரிகை அசலா, 'ஹாஃப் ஃபைன்' எனப்படும் கலப்பா, சாதா ஜரிகையா என்று கேளுங்கள். பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள்.

* அசல் ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். ஆனால், வெள்ளி எவ்வளவு என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ஜரிகைப் பரிசோதனை இயந்திரம் வேண்டும்.

* 'சில்க் மார்க்' முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். அது ஜரிகைக்கான சான்று அல்ல. கைத்தறி முத்திரை, புவிசார் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* பட்ஜெட் இடித்தால் ஜரிகையைக் குறையுங்கள், நெசவைக் குறைக்காதீர்கள். சிறிய பார்டர், ஜரிகையில்லாத பட்டு இழை டிசைன் கொண்ட கைத்தறிப் புடவை, போலி ஜரிகை மின்னும் விசைத்தறிப் புடவையைவிட நீண்ட நாள் பெருமை தரும்.

* வெளிநாட்டு உறவினர் அவர்கள் ஊர் கார்டில் பணம் கட்டும்போது, 'ரூபாயிலா, உங்கள் நாட்டுப் பணத்திலா?' என்று மெஷின் கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் லாபம். மற்றதில் மாற்று விகிதத்தோடு கமிஷனும் சேர்ந்துகொள்ளும்.

* பீரோவில் இருக்கும் பாட்டியின் பழைய பட்டில் அசல் ஜரிகை இருந்தால், வெள்ளி ஏற ஏற அதன் மதிப்பும் ஏறுகிறது. தெருவில் வருபவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காமல், முதலில் பரிசோதித்துப் பாருங்கள்.

டாலரும் வெள்ளியும் நம் கையில் இல்லை. எந்தப் புடவையை, எதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை விலை கேட்கும்போது 'இதில் ஜரிகைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு?' என்று கூடவே கேட்டுப் பாருங்கள். நெய்தவருக்குப் போவது எவ்வளவு என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.