சாமுண்டி அடிவாரம் – 17: அரசங்கன்று விரல் உயரத்தில் இருக்கும்போதே

மைசூர் கோகுலம் பகுதியில் காலை நடை முடித்து இளநீர் வண்டி அருகே நின்றால், அரிவாளை ஓங்குவதற்கு முன் கடைக்காரர் கேட்பார்: "நீரா, கஞ்சியா?" நாம் வழுக்கை என்பதற்கு இங்கே கஞ்சி என்று பெயர். யோகா படிக்க வந்து தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள்கூட ஒரு மாதத்தில் இந்தக் கேள்விக்குக் கன்னடத்திலேயே பதில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

போன டிசம்பரில் அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்க அம்மாள் பேச்சுக் கொடுத்தார். ஓஹையோ மாநிலம். பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம், வீட்டில் பாட்டி காலத்துத் தட்டுகள், கடன் வாங்காத குடித்தனம். கிட்டத்தட்ட நம் வீட்டுப் பெரியம்மா. அக்டோபரில் வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியை இயந்திரம் வைத்து இடித்ததைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "எதிர்க்கட்சிக்காரர் செய்திருந்தால் திட்டியிருப்பேன். இடித்தது நாங்கள் அனுப்பிய ஆள். யாரிடம் போய்ச் சொல்வது?"

அந்தக் கேள்வி என்னை வீடு வரைக்கும் விடவில்லை. என் மகளும் என்னைப் பழைமைவாதி என்றுதான் சொல்வாள். நான் மறுப்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் வேறு. அதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தாறு வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். பெரம்பூரில் பிறந்த பெட்டிகள் எங்களிடம் பி.ஓ.எச்.சுக்கு வரும். அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முழுப் பராமரிப்பு. விரைவு ரயில் பெட்டிக்குப் பதினெட்டு மாதம் கெடு. பெட்டியின் முனைச் சுவரில் இரண்டு தேதிகள் எழுதியிருக்கும்: கடைசியாக வேலை பார்த்த தேதி, திரும்பி வரவேண்டிய தேதி. அடுத்த முறை ரயிலேறும்போது பாருங்கள். பெட்டி ஓடுகிறதே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். உடலைச் சக்கரச் சட்டத்திலிருந்து தூக்கி, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பிரேக்கைச் சோதித்த பிறகுதான் வெளியே அனுப்புவோம். எதையும் தூக்கி எறியும் ஆசையும் அங்கே இல்லை, எதையும் அப்படியே விட்டுவைக்கும் சோம்பலும் இல்லை. என் அரசியல் அந்தக் கொட்டகையில் கற்றதுதான்.

அமெரிக்க அம்மாளுக்கு நான் ட்ரூமனை நினைவுபடுத்தினேன். 1948ல் வெள்ளை மாளிகையின் மேல்மாடியில் அவர் மகளின் பியானோ கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. பொறியாளர்கள் பார்த்தார்கள், கட்டடம் நிற்பதே அதிசயம் என்ற நிலை. நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது. ஜனாதிபதி குடும்பம் எதிரே பிளேர் ஹவுஸ் வீட்டுக்குக் குடிபோனது. வெளிச் சுவர்களை அப்படியே நிறுத்திவைத்து, உள்ளே முழுக்க அகற்றி எஃகுச் சட்டம் எழுப்பி, 1952ல் திரும்பக் குடிவந்தார்கள். உள்ளே மிஞ்சியது குறைவு. ஆனாலும் அதை இடிப்பு என்று யாரும் சொல்வதில்லை. கேட்டுச் செய்தார்கள், பார்த்துச் செய்தார்கள், தேவை இருந்து செய்தார்கள். 2025ல் நடந்தது அப்படியல்ல. ஜூலையில் நடன மண்டபத் திட்டத்தை அறிவித்தபோது, இப்போதுள்ள கட்டடத்தைத் தொடாது என்றார் டிரம்ப். அக்டோபரில் நான்கைந்து நாட்களில் கிழக்குப் பகுதி தரைமட்டம். 1902ல் தொடங்கி 1942ல் விரிந்த இடம் அது. ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர், டிரம்ப் குடியரசுக் கட்சிக்காரர். பேணும் குணம் கட்சிச் சீட்டோடு வருவதில்லை.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நம் ஊரைச் சொல்லாமல் இருப்பது நியாயமல்ல.

லான்ஸ்டவுன் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் என் சம்பளத்தில் கணிசமான பகுதி போயிருக்கிறது. ராஜாஜி வாராவாரம் எழுதிய 'ஸ்வராஜ்யா' இதழ்களின் கட்டு ஒன்று அங்கேதான் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்கும் தேவராஜா மார்க்கெட்டுக்கும் கூரை போட்ட முறைக்கே மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, மேலே செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, மேல்பூச்சு பூசுவார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நூறு வருடம் தாராளமாக நிற்கும். அதற்கு ஒரே எதிரி தண்ணீர். மேலே ஒரு விரிசல் விழுந்து மழைநீர் இறங்கினால், சுவருக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனை முதலில் மக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம். வெளியே பார்த்தால் சட்டம் பளபளவென்று இருக்கும். சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழுது பார்க்கிறோம் என்று அதன்மேல் சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும்.

லான்ஸ்டவுன் கட்டடத்தின் மேல் விளிம்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. முதலில் பார்த்தபோது விரல் உயரம். எதிரே பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். ஒரு பையனை ஏணியில் ஏற்றியிருந்தால் கையால் பிடுங்கிப் போட்டிருக்கலாம். இரண்டு மழைக்காலம் போனதும் அது முழங்கை உயரமாகி, செங்கல்லின் இடுக்கில் வேர் தெரிந்தது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் செடியால்தான் விழுந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் செடியைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிப்போன ஆயிரம் பேரில் நானும் ஒருவன். பழைமையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவன்.

2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி சரிந்தது. அன்றிலிருந்து இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்று குழுக்களும் வழக்குகளும் நடந்துகொண்டே இருந்தன. பழுதுபார்க்கலாம் என்பதுதான் என் கட்சி. அதே நேரம், முப்பது வருடம் மேற்கூரையை ஏறிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இடிக்க வந்த நாளில் மட்டும் 'பாரம்பரியம்' என்று பதாகை பிடிப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு வரமாட்டேன் என்கிறது. இயந்திரம் வருவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

மைசூருக்குப் பேணத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 1897ல் இளவரசியின் திருமணத்தின்போது மர அரண்மனை எரிந்தது. அப்போது மகாராஜா சிறுவர். ஆட்சியைப் பார்த்தவர் அவர் தாயார் மகாராணி வாணி விலாஸ சன்னிதானம். அதே இடத்தில் கருங்கல்லும் இரும்பும் கொண்டு, தீக்கு அஞ்சாத அரண்மனையை எழுப்பச் சொன்னார். எழும்பூர் ரயில் நிலையத்திலும் சென்னை உயர்நீதிமன்றத்திலும் கைவண்ணம் காட்டிய ஹென்றி இர்வின்தான் வரைந்தவர். 1912ல் முடிந்தது. செலவு ஏறக்குறைய நாற்பத்தொன்றரை லட்சம் ரூபாய். எரிந்ததை நினைத்து மரத்திலேயே திரும்பக் கட்டவில்லை. எரிந்ததே சாக்கு என்று வேறெங்கோ ஆங்கில மாளிகையும் கட்டவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் 1881ல் நடந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் ரங்காசார்லு மைசூர் திவானாக வந்தார். அந்த ஆண்டே பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார்: 144 பேர், விவசாயிகளும் வியாபாரிகளுமாக. இந்திய சமஸ்தானங்களில் அப்படி ஒரு சபை அதற்கு முன் இருந்ததில்லை. அதை எப்போது கூட்டினார் தெரியுமா? தசராவை ஒட்டி. எப்படியும் ஊர் ஊராக ஆட்கள் மைசூருக்கு வரும் நேரம். சாமியையும் ஊர்வலத்தையும் பார்த்துவிட்டு, தங்கள் ஏரி, வரி, சாலை பற்றி திவான் முன்னால் சொல்லிவிட்டுப் போவார்கள். புத்தம்புது ஜனநாயகத்தைப் பழைய திருவிழாவின் மடியில் உட்கார வைத்த அந்த மனிதர் 1883லேயே இறந்துவிட்டார். இன்றும் மைசூர் டவுன்ஹால் அவர் பெயரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அரண்மனைக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு அடி தள்ளி இருக்கும் நம் மனிதரின் மண்டபத்தைக் கேட்பாரில்லை.

அதே தசராவில் யானைமேல் தங்க அம்பாரியில் மகாராஜா உட்கார்ந்து போனார். 1971ல் மன்னர் மானியம் ஒழிந்தது. அதற்குப் பிறகு அம்பாரியில் சாமுண்டேஸ்வரி உட்கார்ந்து போகிறாள். யானை அதே நடைதான் நடக்கிறது, பன்னிமண்டபத்துக்கே போகிறது. அந்த வீட்டு வாரிசு யதுவீர், 2024ல் வீதி வீதியாக வாக்குக் கேட்டுத்தான் மக்களவைக்குப் போனார். ஓர் ஊர் தன் பழைய அழகை விடாமல் புதிய நியாயத்தை ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ராஜாஜியைச் சொல்லாமல் பழைமைவாதம் பேச முடியாது. 1959ல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யத்துக்கு எதிராக அவர் எழுப்பிய குரல் எவ்வளவு சரி என்று நாடு ஒப்புக்கொள்ள 1991 ஆகிவிட்டது. 1967ல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. எனக்கு அவர்மேல் இருக்கும் மதிப்பு குறையாது. ஆனால் 1953ல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று அவர் கொண்டுவந்த திட்டம் தவறு. கதவு திறந்துகொண்டிருந்த நேரத்தில் அது பூட்டுப் போட்டது. அவர் பதவி விலக நேர்ந்தது. காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். இங்கே மைசூரில் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரே 1918ல் மில்லர் குழுவை அமைத்து, பிராமணர் அல்லாதாருக்கு அரசு வேலையில் இடம் ஒதுக்க வழிசெய்தார். திவான் விஸ்வேஸ்வரய்யா போன்ற மேதை அதை ஏற்காமல் பதவியை விட்டார். அரசர் பின்வாங்கவில்லை. வீட்டைப் பேணுவது என்றால் வெளியே நிற்க வைத்தவர்களை உள்ளே அழைப்பதும் சேர்த்துத்தான். மக்கிய சட்டத்தை மாற்றாதவன் கூரையைக் காப்பாற்ற முடியாது.

பேணுவதற்கு எழுதிய சட்டம் மட்டும் போதாது. அதைச் சொல்ல கிரிக்கெட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊர் மரிமல்லப்பா பள்ளியில் படித்த ஜவகல் ஸ்ரீநாத் 236 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். ஆனால் மைசூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது அவர் எடுக்காத விக்கெட்டை. 1999 பிப்ரவரி, டெல்லி கோட்லா மைதானம், எதிரே பாகிஸ்தான். கும்ப்ளே ஒன்பது பேரை வீழ்த்திவிட்டார். வெற்றி உறுதி. பந்து ஸ்ரீநாத் கைக்கு வருகிறது. அவர் ஆஃப் ஸ்டம்புக்கு வெகுதூரம் வெளியே வீசினார். வைட் கொடுத்தார்கள், கவலைப்படவில்லை. அடுத்து வந்த கும்ப்ளே வாசிம் அக்ரமை வீழ்த்தி, 74 ரன்னுக்குப் பத்து விக்கெட் என்று முடித்தார். அடுத்த டெஸ்டில், கொல்கத்தாவில், ஸ்ரீநாத் 13 விக்கெட் எடுத்தார், இந்தியா தோற்றது. அதைச் சொல்வோர் குறைவு.

நண்பனுக்கு விட்டுக்கொடு என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் இரண்டு தவணை முடிந்ததும் 1797ல் வீட்டுக்குப் போனார். போகச் சொல்லிச் சட்டம் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அந்த வழக்கம் நிலைத்தது. ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த பிறகு, 1951ல்தான் அது சட்டமானது. எழுதாத விதிகளால் நிற்கும் வீடுகள்தான் நாடும் ஆட்டமும் குடும்பமும். அவற்றைக் காப்பவனே எனக்குப் பழைமைவாதி. எந்தக் கட்சியில் இருந்தாலும் சரி.

அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பும் முன் தேவராஜா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். குங்குமக் குவியல்களைத் தாண்டிப் பூக்காரர்கள் வரிசை. முழத்துக்கு இங்கே மொள என்று பெயர். இரண்டு கையையும் விரித்தால் மாரு. என்னை இருபது வருடமாகத் தெரிந்த பூக்கார அம்மா, "இவர் யார் சார், உங்க சொந்தமா?" என்று கேட்டு, மைசூர் மல்லிகையை ஒரு மொள அளந்து, விரல் அகலம் கூடுதலாக விட்டுக் கிள்ளிக் கொடுத்தார். அந்தக் கூடுதல் விரலுக்குக் காசு கிடையாது. அவர் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தானாம். நூலக அம்மாள் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சந்தை, நூலகம், கோயில் மதில், நீங்கள் படித்த பள்ளி, எதுவானாலும் மழைக்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அரசங்கன்று விரல் உயரத்தில் தெரிந்தால் அன்றைக்கே உரியவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் போங்கள்.

(தொடரும்)