கொப்பியில் எழுதாத சிக்கனம்



"இம்மாதம் சிக்கனமாக இருப்போம்" என்று சொல்லாத வீடில்லை. மாதக் கடைசியில் கைமாற்றுக் கேட்டு அலைவதும் அதே வீடுதான்.

2022 பொருளாதார நெருக்கடியில் எங்கள் வீட்டு நிலையும் இதுவே. என் மனைவி ஒரு கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் "பிள்ளைகளின் சப்பாத்து, கடனின்றி" என்று எழுதினார். ஒவ்வோர் இரவும் அன்றைய செலவைக் குறித்தார். இரண்டு வாரத்தில் ஓட்டை தெரிந்தது. அது அரிசியோ மீனோ அல்ல. கடையில் நான் குடித்த தேநீரும் வடையும்! மிம்பரில் வீண்விரயம் பற்றிப் பேசுபவன் வெட்கிப் போனேன்.

நீங்களும் ஒரேயொரு இலக்கை, தவணையோடு எழுதுங்கள். எஞ்சியதைச் சேமிக்காமல், சம்பள நாளிலேயே ஒரு பங்கை ஒதுக்குங்கள். வெள்ளிதோறும் குடும்பமாக அமர்ந்து கணக்கைப் பாருங்கள். சேமிப்பு நிஸாபை எட்டும் நாளை ஹிஜ்ரித் திகதியில் குறியுங்கள். ஸகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டல்லவா?

பெற்றோருக்குக் கொடுப்பதிலும் விருந்தாளியின் தேநீரிலும் கைவைக்காதீர்கள். விரயமுமின்றிக் கஞ்சத்தனமுமின்றி நடுநிலையில் செலவிடுவோரையே ஸூரத்துல் புர்கான் புகழ்கிறது.

அவ்வருடம் சப்பாத்து கடனில்லாமல் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! இன்றிரவே நீங்களும் ஒரு கொப்பியைத் திறவுங்கள்.