புல் வெட்டும் கருவி: கைகால்களுக்குக் காவல், வளைதண்டுக்குக் கிரீஸ்

களை வெட்ட ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், முதுகில் சுமந்து இயக்கும் புல் வெட்டும் கருவியைச் சிறு விவசாயிகளும் வாங்கிப் பயன்படுத்துகின்றனர். தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், வரப்பு, வாய்க்கால் கரை எங்கும் இது உதவுகிறது. ஆனால் நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும் பிளேடுக்குப் புல்லும் ஒன்றுதான், காலும் ஒன்றுதான். ஆகவே இதைக் கையாளும் முறையைத் தெரிந்துகொண்ட பிறகே வேலையில் இறங்க வேண்டும்.

வேலைக்கு முன்

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு ஆகியவை கூடாது. முழுக்கால் சட்டை, கெட்டியான பூட்ஸ், கையுறை, கண்ணாடி, காதடைப்பான் அவசியம். வெட்டும் இடத்தில் கல், கம்பி, பாட்டில் துண்டு கிடந்தால் முதலில் பொறுக்கிவிட வேண்டும். பிளேடில் பட்ட கல் வெகு தூரம் தெறிக்கும். எனவே 50 அடி சுற்றளவிற்குள் குழந்தைகளோ, புல் அள்ள வந்தவர்களோ, கால்நடைகளோ இருக்கலாகாது. இடைஞ்சலாக இருக்கிறதென்று பிளேடு மேலுள்ள தடுப்பைக் கழற்றிவிடுவது பெருந்தவறு. நைலான் நரம்புக்குப் பதிலாக இரும்புக் கம்பி கட்டுவதும் அப்படியே. கம்பித் துண்டு அறுந்தால் தோட்டாபோல் பாயும்.

வெட்டும் முறை

பொதுவாக இக்கருவியின் பிளேடு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட விளிம்பு கட்டையிலோ கல்லிலோ படக்கூடாது. பட்டால் கருவி திடீரென உதைத்துத் திரும்பும். வேலிக் கம்பி ஓரத்திலும் மரத்தின் அடியிலும் பிளேடைத் தவிர்த்து நைலான் நரம்பைப் பயன்படுத்துவது நல்லது.

விபத்து நேரும் வேளை

கோரையோ கொடியோ பிளேடில் சுற்றிக்கொள்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, விவசாயி குனிந்து கையால் இழுக்கிறார். சிக்கல் விடுபட்டதும் பிளேடு சுழலத் தொடங்குகிறது, விரல் போய்விடுகிறது. ஒரு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஆயுள் முழுதும் ஊனம்! எஞ்சினை ஸ்விட்ச் போட்டு நிறுத்தி, பிளேடு அசைவற்று நின்ற பிறகே கை வைக்க வேண்டும். பிளேடு மாற்றும்போது ஸ்பார்க் பிளக் மூடியையும் கழற்றிவிடலாம். பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு பெரும்பாலும் இடப்புரி. கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

வளைதண்டைக் காப்பது எப்படி?

முதுகிலுள்ள எஞ்சினின் சுழற்சியைக் கைத்தண்டுக்குக் கொண்டுசெல்வது வளையக்கூடிய தண்டு. இதை மெக்கானிக்குகள் ஃபிளக்சிபிள் ஷாப்ட் என்பர். மேலுறைக்குள் எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்த உள்தண்டு ஓடுகிறது. இதைக் கூர்மையாக மடக்கினால் உள்தண்டு உறையில் உரசிச் சூடேறிக் கம்பி பிரியும். பிளேடு சிக்கி நின்ற நிலையில் ஆக்சிலேட்டரை முடுக்கினால் முறுக்கேறி அறுந்துபோகும். உறை சுட்டாலோ, ‘கரகர’ ஓசையோ அதிக அதிர்வோ தோன்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

கையேட்டில் குறித்துள்ள மணிக்கணக்குப்படி உள்தண்டை உருவி எடுத்து, மண்ணெண்ணெயால் பழைய பிசுக்கைத் துடைத்து, புதுக் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். அளவு மீறினால் கிரீஸ் கிளட்சுக்குள் புகக்கூடும். திரும்பப் பூட்டும்போது அதன் முனை குழியில் முழுதும் அமர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அரைகுறையாக அமர்ந்தால் முனை தேய்ந்து வழுக்கும். பிளேடு பக்கத்துக் கியர்ப் பெட்டிக்கும் கிரீஸ் தேவை. வேலை முடிந்ததும் தண்டு மடங்காதபடி கருவியை மாட்டி வைக்க வேண்டும்.

எரிபொருள்

‘டூ ஸ்ட்ரோக்’ எஞ்சினுக்குப் பெட்ரோலுடன் 2டி ஆயில் கலக்க வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றிருந்தால் 40 மில்லி. ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ எஞ்சினில் கலக்கக்கூடாது. அதற்கு ஆயில் தனியே ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றினால் தீப்பற்றும். எஞ்சின் ஆறிய பின் ஊற்றி, 10 அடி தள்ளிச் சென்று இயக்க வேண்டும். பல வாரங்கள் வேலையில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

தொடர்ந்து அதிர்வு ஏறினால் விரல்கள் மரத்துப்போகும். ஆகவே அரை மணிக்கு ஒரு முறை கருவியை இறக்கிவைத்து ஓய்வு கொள்வது நல்லது. அந்நேரத்தில் பிளேடு நட்டின் இறுக்கத்தையும் வளைதண்டின் சூட்டையும் பார்த்துவிட்டால், அடுத்த அரை மணி வேலையை அச்சமின்றித் தொடரலாம்.