நீண்ட பெயரும் நிலையான பதிவும்: குறுந்தகட்டில் படங்களைப் பதிப்போர் கவனத்திற்கு

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளும் பெரட்டுக் களமும் ஆயாக்கொட்டகையும் இருந்த இடம் தெரியாமற்போன ஊர்கள் உண்டு. அவற்றின் நினைவு பெரும்பாலும் பழைய புகைப்படங்களிலேயே எஞ்சியிருக்கிறது. அப்படங்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றி, குறுந்தகட்டிலோ டிவிடியிலோ பதித்துப் பாதுகாப்பது போற்றத்தக்க பணியாகும். அப்பணியில் பலருக்கும் நேரும் ஒரு பிழையையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இங்குக் காண்போம்.

பறிபோன பெயர்கள்

நானறிந்த ஒரு தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றுகூடினர். வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ முந்நூறு படங்களைச் சேகரித்தனர். அத்தோட்டத்தில் ஆயாவாகப் பணியாற்றிய முதிய அம்மையார் ஒருவர், படத்தில் இருப்போரை ஒவ்வொருவராக அடையாளங்காட்டினார். அவர் சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் அவ்விவரங்களைத் தட்டச்சு செய்தார். எங்கே? படக்கோப்பின் பெயராகவே! எந்த விழா, எந்த ஆண்டு, நிற்பவர் யார், அமர்ந்திருப்பவர் யார் என்பன யாவும் கோப்பின் பெயரிலேயே அடங்கியிருந்தன.

தகட்டில் பதிக்கும் வேளையில் கணினித் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. பெயர்கள் அளவுக்கு மீறி நீண்டிருப்பதாகவும், அவற்றைச் சுருக்கலாமா என்றும் அது வினவியது. இளைஞர் சம்மதம் தெரிவித்தார். தகடுகள் தயாராயின, அனைவருக்கும் வழங்கப்பட்டன. பின்னர் அக்கணினி பழுதடைந்தது. தகட்டைத் திறந்து பார்த்தபோது படங்கள் எல்லாம் இருந்தன. ஆட்களின் பெயர்கள்தாம் இல்லை. விழாவின் பெயரோடு ஒவ்வொன்றும் துண்டிக்கப்பட்டிருந்தது. மீண்டும் கேட்டறியலாம் என்றால், அந்த அம்மையார் அதற்குள் காலமாகிவிட்டார்.

இஃது இளைஞரின் குற்றமன்று. தகட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

வரம்பு எங்கிருந்து வந்தது?

குறுந்தகட்டில் கோப்புகளை எவ்வாறு அடுக்குவது என்பதற்குப் பொது விதி தேவைப்பட்டது. 1985ஆம் ஆண்டில் கணினி நிறுவனங்களின் பேராளர்கள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ஹை சியரா என்னும் தங்கும் விடுதியில் கூடி அதற்கான திட்டம் வகுத்தனர். அத்திட்டமே சில மாற்றங்களுடன் 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று.

எல்லாக் கணினிகளும் படிக்கக்கூடியதாகத் தகடு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அக்காலத்து டாஸ் கணினிகள் பெயருக்கு 8 எழுத்தும், புள்ளிக்குப் பின் 3 எழுத்தும் மட்டுமே ஏற்றன. ஆகவே, இத்தரத்தின் முதல் நிலையும் அதே அளவோடு நின்றது. ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றைத் தவிர வேறெதற்கும் அதில் இடமில்லை. தமிழெழுத்துக்கு அறவே இடமில்லை.

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தது. அதற்கேற்ப மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜோலியட் என்னும் விரிவாக்கத்தை உருவாக்கியது. யூனிகோடு எழுத்துகளை அது ஏற்றதால், தமிழிலும் பெயரிட வழி பிறந்தது. எனினும் அதன் வரம்பு 64 குறிகளே. கணினியின் வன்தட்டிலோ ஒரு பெயர் 255 குறிகள் வரை நீளலாம். வன்தட்டில் இடர்ப்பாடின்றி இருந்த பெயர் தகட்டுக்குச் செல்லும்போது வெட்டுப்படுவதன் காரணம் இதுவே. டிவிடிகளில் மிகுதியாகப் பயன்படும் யூடிஎஃப் என்னும் முறையில் தமிழ்ப் பெயர் 127 குறிகள் வரை செல்லலாம். ஆனால், மிகப் பழைய கருவிகள் சில அம்முறையைப் படிக்கமாட்டா.

தமிழெழுத்தும் கணினியின் கணக்கும்

இங்குத் தமிழர் தனியே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் வெவ்வேறு. ‘தோட்டம்’ என்பதில் நமக்கு 4 எழுத்துகள்: தோ, ட், ட, ம். கணினியோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே எண்ணும். அதன் கணக்கில் இச்சொல் 7 குறிகளைக் கொண்டது.

‘தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா 1978 பரிசளிப்பு முன்வரிசை’ என்று ஒரு படத்துக்குப் பெயரிடுவதாகக் கொள்வோம். சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களையும் சேர்த்து நம் கணக்கில் இது 37 இடங்கள். கணினிக் கணக்கில் 57. புள்ளிக்கும் அதன்பின் வரும் மூன்றெழுத்துக்கும் 4 குறிகள் போக, 64இல் எஞ்சுபவை 60. ஆக, இன்னும் 3 குறிகளுக்கே இடமுண்டு. அடுத்து ‘நிற்பவர்கள்’ என்று எழுதினால், ஒரு வெற்றிடமும் ‘நி’ என்னும் எழுத்தும் மட்டுமே தகட்டில் ஏறும். நின்றவர்களின் பெயர் ஒன்றுகூட ஏறாது.

தொடக்கம் ஒன்றாக இருக்கும் பத்துப் படங்கள் இவ்வாறு வெட்டுப்பட்டால் பத்துக்கும் ஒரே பெயர் அமையும். அப்போது மென்பொருள் தானே இறுதியில் 1, 2, 3 என எண் சேர்த்துவிடும். எது எந்தப் படம் என்பது அதன்பின் விளங்காது.

முகவரியும் நீளலாகாது

கோப்பின் பெயர் குறுகியதாக இருந்தும் சில வேளைகளில் கணினி மறுப்புத் தெரிவிக்கும். கடிதத்துக்கு வீட்டெண், லயம், தோட்டம், ஊர் என முகவரி இருப்பதுபோல், கோப்புக்கும் அது அடங்கியிருக்கும் கோப்புறைகளின் பெயர்களெல்லாம் சேர்ந்த முகவரி உண்டு. விண்டோஸில் அதன் வழக்கமான எல்லை 260 குறிகள். கோப்புறைக்குள் கோப்புறை என ஐந்தாறு அடுக்குகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட பெயரிட்டால் இவ்வெல்லை விரைவில் நிரம்பிவிடும். பதிப்பதற்கு முன் கோப்புறையை வன்தட்டின் முதல் அடுக்குக்கு நகர்த்தினால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

செய்ய வேண்டியவை

1. படத்துக்கு எண்ணையே பெயராக இடுங்கள். ‘1978_001’ என்பது ஆண்டையும் வரிசையையும் காட்டும். இதில் சரியாக 8 குறிகளே உள்ளதால், மிகப் பழைய முறையிலும் இது வெட்டுப்படாது.

2. விவரங்களைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். எண், விழா, இடம், இடமிருந்து வலமாக ஆட்களின் பெயர் என நிரல்படுத்துங்கள். அதற்கு ‘0000_000’ என்று பெயரிட்டால் தகட்டில் முதலாவதாக நிற்கும். பட்டியலில் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம்.

3. அப்பட்டியலைத் தாளில் அச்சிட்டுத் தகட்டு உறையினுள் வையுங்கள். கணினி இல்லாத வீட்டிலும் அதைப் படிக்கலாம்.

4. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, உடுக்குறி ஆகியவற்றைப் பெயரில் சேர்க்காதீர்கள்.

5. பெயரைச் சுருக்கலாமா என்று கணினி கேட்டால் உடனே இசைய வேண்டாம். பணியை நிறுத்தி, நீங்களே பெயரைத் திருத்தியபின் மீண்டும் தொடங்குங்கள்.

6. பதித்த தகட்டை வேறொரு கணினியில் இட்டுக் கோப்புகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முதலிலும் நடுவிலும் இறுதியிலும் உள்ள சில படங்களைத் திறந்து பாருங்கள். அதற்குமுன் வன்தட்டிலுள்ள மூலத்தை அழிக்காதீர்கள்.

7. இரு படிகள் எடுத்து இரு வேறு வீடுகளில் வையுங்கள்.

முன்பே பதித்தவற்றுக்கு என்ன வழி?

ஒருமுறை மட்டுமே பதிக்கக்கூடிய தகட்டிலுள்ள பெயரைத் திருத்த இயலாது. கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்து, அங்கு எண்ணிட்டுப் புதிய தகட்டிலோ விரலியிலோ பதிக்க வேண்டும். இப்போது விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டைப் படிக்கும் கருவி இல்லை. அதைத் தனியே வாங்கி இணைக்க வேண்டியுள்ளது. ஆகையால், அலமாரியில் உறங்கும் பழைய தகடுகளைக் காலந்தாழ்த்தாமல் எடுத்துப் பார்ப்பது நலம்.

மேற்கூறிய தோட்டத்தார் இப்போது அதைத்தான் செய்கின்றனர். படங்களை அச்சிட்டு, வேறு ஊர்களில் குடியேறிய முதியோரிடம் கொண்டு செல்கின்றனர். சில முகங்களுக்குப் பெயர் கிடைத்துள்ளது. சிலவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த அம்மையார் ஒருவரே அறிந்திருந்தவை இனிக் கிடைப்பது அரிது.

பால்மரக் காட்டில் உழைத்து நம்மை ஆளாக்கியோரின் முகங்களோடு அவர்தம் பெயர்களும் நிலைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் கோப்பின் பெயரில் திணிக்காமல் பட்டியலில் எழுதிவையுங்கள்.