ஒரே வீடியோ, 15 லட்சம் நகல்கள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15 அன்று, இரண்டு மசூதிகளில் ஒருவன் சுட்டதில் 51 பேர் இறந்தனர். அதனை 17 நிமிடம் பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பினான். அப்போது பார்க்கப்பட்டது 200 முறைக்கும் குறைவே. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் பேஸ்புக் நீக்கிய நகல்கள் 15 லட்சம்! இவற்றில் 12 லட்சத்திற்கு மேல் அப்லோட் ஆகும்போதே தடுக்கப்பட்டன. மற்றவை எப்படித் தப்பின?

ஒவ்வொரு பைலுக்கும் கைரேகை போல ‘ஹாஷ்’ ஒன்றைக் கணக்கிடலாம். என் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவிற்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். எழுத்தும் எண்ணுமாக 64 இடங்கள் கொண்ட வரிசை வந்தது. போட்டோவின் ஓரத்தைச் சிறிது வெட்டி சேவ் செய்து, மீண்டும் பார்த்தேன். முற்றிலும் வேறு வரிசை! கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான்.

எனவே காட்சியையே ஒப்பிடும் ஹாஷ்களை நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. திரையை மறுபடி ரெக்கார்ட் செய்த நகல்கள் இதிலும் நழுவின. அவற்றைப் பிடிக்க ஒலியையும் ஒப்பிட வேண்டியதாயிற்று. 800க்கும் மேற்பட்ட வடிவங்கள் கிடைத்தன.

இவற்றைப் பரப்பியவர்கள் எல்லாரும் தீவிரவாதிகள் அல்லர். பரபரப்பிற்காக அனுப்பியவர்களும் உண்டு. கொன்றவனுக்கு வேண்டியதும் அதுதானே! நியூசிலாந்தில் இதனைப் பகிர்ந்த ஒருவருக்கு 21 மாதச் சிறை கிடைத்தது.

இது போன்ற வீடியோ வந்தால், ‘கண்டிக்கிறேன்’ என்று எழுதிக்கூட பார்வர்ட் செய்திடாதீர்கள். ரிப்போர்ட் செய்துவிட்டு அழித்திடுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் வீடியோ தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்தி வையுங்கள். வீட்டில் குழந்தைகளும் அதே போனைத்தான் எடுக்கிறார்கள்.