ரோமியோ என்றால் யாத்ரீகன்

பெண்கள் கல்லூரி வாசலில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நிற்பவனை நம்மூரில் 'ரோமியோ' என்று ஏசுகிறோம். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லின் பழைய பொருளோ, ரோமாபுரிக்குத் திருயாத்திரை போகிறவன். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் 'வீட்டா நுவோவா'வில் யாத்ரீகர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். யாக்கோபின் கல்லறையைத் தேடி சாந்தியாகோ போகிறவர் ஒரு வகை. கடல் கடந்து புனித பூமிக்குப் போய்க் குருத்தோலையோடு திரும்புகிறவர் இன்னொரு வகை. ரோமுக்குப் போகிறவர் ரோமியோ.

1595 வாக்கில் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தை எழுதிய ஷேக்ஸ்பியர் இந்தப் பொருளை வீணாக்கவில்லை. காதலர்கள் முதன்முதலில் பேசிக்கொள்ளும் 14 அடிகளும் சேர்ந்து ஒரு சானெட் ஆகின்றன. அதில் அவன் அவளைச் சன்னதி என்கிறான். தன் உதடுகளை யாத்ரீகர்கள் என்கிறான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யாத்ரீகனுக்கு உதடு இருப்பது ஜெபிக்கத்தானே என்று அதே பக்தி மொழியில் மடக்குகிறாள். ஆங்கிலத்தில் உள்ளங்கைக்கும் குருத்தோலைக்கும் ஒரே சொல். ஆகவே கையோடு கை சேர்வதே அங்கே வழிபாடாகிவிடுகிறது.

பாஸ் லூர்மன் 1996இல் இக்கதையைப் படமாக்கியபோது தலைப்பின் நடுவிலேயே சிலுவையை வைத்தார்: 'ரோமியோ + ஜூலியட்'. மெக்ஸிகோவில் படமாக்கப்பட்ட அந்தக் கற்பனைக் கடற்கரை நகரத்தில் கண்ணில் படும் இடமெல்லாம் சிலுவைதான். இதில் எது அர்த்தமுள்ள குறியீடு, எது வெறும் அலங்காரம்? இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மீன்தொட்டிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். விருந்தின் இரைச்சலிலிருந்து ஒதுங்கி வந்த ரோமியோ, முகமூடியைக் கழற்றி முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்துகிறான். நிமிர்ந்தால் நீலத் தொட்டி, நீந்தும் மீன்கள், அவற்றுக்கு அப்பால் ஒரு கண். மீன் ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம். கிரேக்கத்தில் மீனைக் குறிக்கும் 'இக்துஸ்' என்ற சொல்லின் ஐந்து எழுத்துகளும் இயேசு, கிறிஸ்து, கடவுள், மகன், மீட்பர் என்ற ஐந்து சொற்களின் முதலெழுத்துகள். கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளத் தோன்றும். ஆனால் மயாமியில் ஓர் இரவு விடுதிக் கழிப்பறையில் மீன்தொட்டி வழியாக மறுபக்கம் நின்ற பெண்ணைப் பார்த்ததுதான் லூர்மனுக்கு இந்த யோசனையைத் தந்தது.

மீனை விடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள். ஜூலியட்டை நாம் முதலில் பார்ப்பதே தண்ணீருக்குள் அமிழ்ந்த முகமாகத்தான். காதலை அவர்கள் சொல்லிக்கொள்ளும் மாடக் காட்சி நீச்சல் குளத்துக்குள் நடக்கிறது. ரோமியோவால் சுடப்பட்ட ஜூலியட்டின் உறவினன் டிபால்ட், கிறிஸ்து சிலையின் அடியில் தண்ணீரில்தான் விழுகிறான். ஞானஸ்நானம் போல முகம் கழுவிய நீர் கடைசியில் ரத்தம் கலந்த நீராகிறது. மீன் வந்தது ஒரு தடவை. நீரோ திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் கதையோடு சேர்ந்து தானும் மாறுகிறது. உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடையாது.

சிலுவைகளையும் இந்தக் கல்லில் உரசலாம். டிபால்ட்டின் உள்சட்டையில் கிறிஸ்து, காதலர்களுக்கு மணம் முடித்துவைக்கும் பாதிரியாரின் முதுகில் பச்சை குத்திய சிலுவை, பகை கொண்ட இரு குடும்பங்களின் வானுயரக் கட்டடங்களுக்கு நடுவே கை விரித்து நிற்கும் பிரம்மாண்டச் சிலை. ஊரே அதன் நிழலில் சுட்டுக்கொண்டு சாகிறது. அண்ணாந்து பார்க்க ஆளில்லை. அங்கே சிலுவை என்பது சட்டையில் போடுகிற சின்னம், அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் அது உயிர் பெறுகிறது. நாடகத்தில், செத்தவள் போல மயங்கிய ஜூலியட் கிடப்பது குடும்பக் கல்லறையில். லூர்மன் அவளைத் தேவாலயப் பீடத்தின் முன் கிடத்துகிறார். நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள், இருபுறமும் நீலமாய் ஒளிரும் நியான் சிலுவைகள், நடுவே மணமகன் போல நடந்து வருகிறான் ரோமியோ. பெற்றோரின் பகைக்குப் பிள்ளைகள் பலி என்று நாடகத்தில் ஜூலியட்டின் அப்பா வாய்விட்டே சொல்வார். இரு தகப்பன்களும் கைகோத்துச் சமாதானமாவார்கள். படத்தில் அந்தக் கைகோப்பு இல்லை. வெள்ளைத் துணி போர்த்திய உடல்கள் தொலைக்காட்சிச் செய்தியாகி முடிகின்றன.

லூர்மன் இன்னொன்றையும் மாற்றினார். நாடகத்தில் ரோமியோ இறந்த பிறகுதான் ஜூலியட் விழிக்கிறாள். படத்தில் அவன் விஷத்தை விழுங்கும் அந்த நொடியில் அவள் கை அவன் கன்னத்தைத் தொடுகிறது. செத்தவள் எழுந்துவிட்டாள். யாத்ரீகன் சன்னதிக்கு வந்து சேர்ந்துவிட்டான், கண்ணால் கண்டும்விட்டான். குப்பிதான் காலியாகிவிட்டது.