தண்ணீருக்குத் தப்பிய பண்ணை வீடு

இங்கிலாந்தில் குடித்தனம் இருக்கும் என் தங்கை, "அக்கா, கடைகண்ணி எல்லாம் அப்புறம். உனக்கு ஒரு பழைய வீடு காட்டறேன் வா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பழைய வீடு பார்க்கவா விமானம் ஏறி வந்தேன் என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன்.

சிச்செஸ்டர் நகரத்துக்கு வடக்கே சிங்கிள்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 'வீல்ட் அண்டு டவுன்லேண்ட்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. பல ஊர்களில் அழியவிருந்த வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒன்றுதான் பேலீஃப் பண்ணை வீடு.

இதன் நடுக்கூடம் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஒரு பக்கத்து அறைகள் சுமார் நூறு வருஷம் கழித்துச் சேர்த்தவை. இரண்டு ஓரத்திலும் மாடி அறைகள் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, நடுக்கூடம் மட்டும் உள்ளடங்கி, எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டுக் கூரை. கென்ட் பகுதியில் வசதியான குடியானவர்கள் இப்படித்தான் கட்டிக்கொண்டார்களாம்.

வீடு முதலில் இருந்ததும் அந்தக் கென்ட்டில்தான், சிடிங்ஸ்டோன் என்ற ஊருக்குப் பக்கத்தில். 1960-களில் அங்கே போ பீச் என்ற நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதனால் வீட்டைப் பிரித்து, 1970-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வீட்டை எப்படியம்மா பிரிப்பது என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். தூண், உத்தரம், சட்டம் எல்லாமே ஓக் மரம். ஒரு கட்டையின் நுனியை நாக்கு மாதிரிச் செதுக்கி, மற்றதில் தோண்டிய குழிக்குள் செருகி, குறுக்கே துளை போட்டு மர முளை அடித்திருக்கிறார்கள். அந்த மரச்சட்டத்துக்கு இரும்பு ஆணியே வேண்டாம். மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே இழைப்பார்களாம். பிறகு அது காயக்காய இணைப்பு இறுகிக்கொள்கிறது. முளையைத் தட்டி எடுத்தால் அத்தனையும் கட்டை கட்டையாகக் கழன்று வரும். எந்தக் கட்டை எதோடு சேரும் என்று தச்சர்கள் அன்றைக்கே கோடு கோடாக அடையாளம் வெட்டி வைப்பது வழக்கம்.

சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணி குழைத்து அப்பிய சுவர். "சாணியா!" என்று தங்கையின் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ பாட்டி வீட்டுத் திண்ணை ஞாபகம்.

மாமனார் வீட்டை நாலு வருஷம் முன்பு விற்றோம். நாலு பங்காளிகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நானும்தான் சரி என்றேன். இரண்டே நாளில் இடித்துவிட்டார்கள். தேக்குத் தூண்கள் லாரியில் போயின. நான் கேட்டு வாங்கிக்கொண்டது கூடத்துக் கதவு ஒன்றுதான். பேலீஃப் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தபோது அந்த லாரிதான் கண்ணில் நின்றது.

அதற்காக அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கூடத்தின் நடுவில், தரையிலேயே அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை மேலே கூரை வரைக்கும் போய், கிடைத்த சந்தில் வெளியேற வேண்டும். இப்போதும் நெருப்பு மூட்டிக் காட்டுகிறார்கள். பத்து நிமிஷத்தில் என் கண் எரிந்தது. அந்த வீட்டுக்காரி வருஷம் முழுக்க எப்படி இருமியிருப்பாளோ! ஜன்னலில் கண்ணாடி இல்லை, வெறும் மரக்கம்பிகள்தான். குளிருக்குக் கதவைச் சாத்தினால் வெளிச்சமும் போச்சு. எஜமானர் படுக்கையறையை ஒட்டி மாடியிலேயே கழிப்பிடம். அது மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது.

போகிறவர்கள் பக்கத்திலுள்ள விங்கர்ஸ்ட் சமையல் வீட்டையும் தவறவிடாதீர்கள். அதுவும் அதே நீர்த்தேக்கத்துக்குத் தப்பி வந்ததுதான். அரை நாளாவது ஒதுக்குங்கள். மேடு பள்ளம் அதிகம். நல்ல செருப்பு அவசியம்.

ஊர் திரும்பியதும் தச்சரை வரவழைத்து, மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழ் சாய்த்து வைத்திருந்த கதவைக் காட்டினேன். "உங்க ஃபிளாட் வாசலுக்கு உயரம் பத்தாதும்மா, அறுக்கணும்" என்றார். அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹால் சுவரில் அப்படியே நிறுத்தித் தர அடுத்த வாரம் வருகிறார்.